முதுமையும் ஒரு பருவமே

நம் நாட்டில் ஒருவருக்கு அறுபது வயது நிறைந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? மணிவிழா நடத்துகிறோம். குடம் குடமாகத் தலையில் நீரை வார்க்கிறோம். புதுவேஷ்டி உடுத்தி, மறுபடியும் மாங்கல்யம் கட்டச் சொல்லுகிறோம். வந்தவர்கள் வடை பாயசத்துடன் விருந்துண்டு, வாழ்த்திவிட்டு ஊர் திரும்புகிறார்கள். மறுநாள் காலையில் அந்தப் பெரியவர் ஏதாவது ஒரு வேலையில் கை வைத்தால், "இந்த வயதில் உங்களுக்கு எதற்கு இதெல்லாம்? சிவனே என்று உட்கார்ந்திருங்கள்" என்று திண்ணை மூலையைக் காட்டிவிடுகிறோம். வாழ்க்கை புதிதாகத் தொடங்குகிறது என்று சடங்கு சொல்லுகிறது. அது முடிந்துவிட்டது என்று நாம் சொல்லுகிறோம். இரண்டில் எது உண்மை என்று நேயர்கள் எப்போதாவது யோசித்ததுண்டா?

சடங்கு சொல்லுவதே உண்மை என்று வாழ்ந்து காட்டிய ஒருவர் வங்காளத்தில் இருந்தார். 1861-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிறந்து, 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மறைந்த மகாகவி ரவீந்திரநாத தாகூரைத்தான் சொல்லுகிறேன். அவர் எழுதிய தேசிய கீதத்தை நம் பிள்ளைகள் நாள்தோறும் பாடுகிறார்கள். 1913-இல் அவர் நோபல் பரிசு பெற்றதும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் பரிசும் புகழும் வந்து சேர்ந்த பிறகு, அறுபது வயதுக்கு அப்பால் அவர் வாழ்ந்த இருபது ஆண்டுகளைப் பற்றி நம் வீடுகளில் அதிகமாகப் பேச்சில்லை. அந்த இருபது ஆண்டுகளைப் பற்றித்தான் இந்த வாரம் சிறிது பேசலாம் என்று எண்ணுகிறேன்.

முதலில் நாடகத்தை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் பிராயத்தில், 1881-இல், தாம் இயற்றிய 'வால்மீகி பிரதிபா' என்னும் இசை நாடகத்தில் தாமே வால்மீகியாக வேஷம் பூண்டவர் ரவீந்திரர். 1890-இல் 'விஸர்ஜன்' என்ற நாடகத்தை எழுதினார். கோயிலில் உயிர்ப்பலி கூடாது என்கிறான் அரசன். பலி வேண்டும் என்று பிடிவாதம் செய்கிறான் முதிய பூசாரி ரகுபதி. இருவருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு, கடைசியில் தன் உயிரையே பலியாகக் கொடுத்துவிடுகிறான் ஜயசிங்கன் என்ற வாலிபன். இந்த நாடகம் முதலில் நடந்தபோது, முப்பது வயது நிரம்பாத ரவீந்திரர் கிழப் பூசாரி ரகுபதியாக நடித்தார். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1923-இல், கல்கத்தாவில் அதே நாடகம் மறுபடியும் மேடையேறியது. அப்போது அவருக்கு வயது 62. இந்தத் தடவை அவர் எடுத்துக்கொண்ட வேஷம் வாலிபன் ஜயசிங்கன்!

நம் ஊர் ஸ்பெஷல் நாடகங்களிலும் ஐம்பது வயது ராஜபார்ட் நடிகர் வாலிப வேலனாக வந்து வள்ளியைத் துரத்தியதுண்டு. அது வயிற்றுப் பிழைப்புக்காக. ரவீந்திரருக்கு அந்த அவசியம் இல்லை. உலகமெல்லாம் அறிந்த வெண்தாடியை உடைய ஒருவர், இளைஞன் வேஷத்தில் வந்து நின்றால் சபையோர் சிரிப்பார்களோ என்ற அச்சம் எழுந்திருக்க வேண்டும். அந்த அச்சத்தை அவர் பொருட்படுத்தவில்லை.

நாடக மேடையைப் பற்றி அவருக்கு இருந்த கருத்தும் நம் பக்கத்து ஜனங்களுக்கு எளிதில் விளங்கக்கூடியது. மாளிகையும் மரமும் எழுதிய படுதாக்களை அவர் விரும்பவில்லை. வங்காளத்துக் கிராமங்களில் நடக்கும் 'ஜாத்ரா'வில் திரைச்சீலை அலங்காரம் இல்லாமலே காட்டையும் அரண்மனையையும் ஜனங்கள் மனக்கண்ணால் காண்கிறார்களே, அது போதாதா என்று அவர் வாதாடினார். காஞ்சீபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பாரதக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இந்த வாதம் புதிதன்று. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதன் பின்னால் கிரீடமும் புஜகீர்த்தியும் மின்ன ஒருவன் ஆடுகிறான். துணி விலகுகிறது. அஸ்தினாபுரம் முழுவதும் நம் முன் வந்துவிடுகிறதல்லவா?

இனிச் சித்திரத்துக்கு வருவோம். ரவீந்திரர் சித்திரக்கலையை முறையாகப் பயின்றவர் அல்லர். குடும்பத்தில் அவனீந்திரநாதர், ககனேந்திரநாதர் என்ற இரண்டு பெரிய சித்திரக்காரர்கள் இருந்தனர். சாந்திநிகேதனத்தின் கலாபவனத்தில் நந்தலால் போஸ் போன்ற மேதை ஆசிரியராக அமர்ந்திருந்தார். இத்தனை பேருக்கு நடுவில் கவி தம் கையெழுத்துப் பிரதிகளில் கிறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு சொல் பிடிக்காவிட்டால் நாம் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிறோம். அவருக்கோ, அடிக்கப்பட்ட சொற்கள் தாளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அனாதைகளைப்போல் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஓர் அடித்தலை மற்றோர் அடித்தலோடு கோடிட்டு இணைப்பார். இணைத்த கோடுகளிலிருந்து ஒரு பறவையின் மூக்கு எழும்பும். அல்லது உலகில் எங்கும் இல்லாத ஒரு மிருகம் கண்ணை உருட்டும்.

1924-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தென் அமெரிக்காவுக்குப் போகும் வழியில் நோய்வாய்ப்பட்டு அர்ஜென்டீனாவில் தங்க நேர்ந்தது. அங்கே அவரை உபசரித்த விக்டோரியா ஓகாம்போ என்ற எழுத்தாளர், 'பூரபி' என்னும் கவிதைத் தொகுதியின் கையெழுத்துப் பிரதியில் இந்தக் கிறுக்கல்களைக் கண்டு வியப்படைந்தார். சில ஆண்டுகளில் கிறுக்கல் கவிதைத் தாளை விட்டு வெளியேறித் தனிச் சித்திரமாயிற்று. கவிக்கு அப்போது வயது ஏறக்குறைய 67. அதற்கப்புறம் வெள்ளம்தான்! பேனா மை, வர்ண மை, கந்தைத் துணி, விரல் நுனி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கொண்டு எழுதினார். மறைவதற்குள் அவர் எழுதிக் குவித்த சித்திரங்கள் 2,000-க்கு மேல் இருக்கும். 1930-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓகாம்போவின் உதவியால் பாரிஸ் நகரில் பிகால் சித்திரசாலையில் அவருடைய முதற் கண்காட்சி நடந்தது. அதே ஆண்டில் லண்டன், பெர்லின், மாஸ்கோ முதலிய நகரங்களிலும் அவை காட்டப்பட்டன. எழுபதை நெருங்கிய ஒரு மனிதர் புதிய சித்திரக்காரராக அறிமுகமாகும் காட்சியை ஐரோப்பா கண்டது. இன்று அவருடைய சித்திரங்கள் நாட்டின் கலைச்செல்வம் என்று சட்டப்படி பாதுகாக்கப்படுகின்றன.

இதிலே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. வர்ணங்களை, அதிலும் சிவப்பை, மற்றவர்கள் காண்பதுபோல அவருடைய கண் காணவில்லை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். பாட்டிலே வர்ணங்களைக் கொட்டியவர் கண்ணுக்கு இந்தக் குறை! ஆனாலும் சித்திரம் எழுத அந்தக் கண்ணையே அவர் நம்பினார்.

காஞ்சிக்கு அருகில் உள்ள இந்தக் கூரத்தில் இருந்துகொண்டு கண்ணைப் பற்றிப் பேசும்போது, இவ்வூரில் அவதரித்த கூரத்தாழ்வானை நினையாமல் இருக்க முடியாது. பெருஞ்செல்வத்தைத் துறந்து ஸ்ரீரங்கத்துக்குச் சென்று ராமாநுஜருக்குச் சீடரானவர். ஆசாரியருக்காகச் சோழன் சபையில் கண்களை இழந்தவர் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. கண் போன பிறகு அவர் வாளா இருக்கவில்லை. காஞ்சி வரதனைப் பாடிய 'வரதராஜ ஸ்தவம்' கண்ணிழந்த பின்பு பிறந்தது என்பது வைணவப் பெரியோர் கூற்று. கூரத்தாழ்வான் பக்தர்; ரவீந்திரர் கலைஞர். இருவரையும் ஒரே தராசில் நிறுக்க நான் வரவில்லை. பொறி ஒன்று குறைந்தால் வாழ்வே குறைந்துவிடும் என்று நாம் முடிவு கட்டுகிறோமே, அது எவ்வளவு அவசர முடிவு என்பதற்குச் சொன்னேன்.

முதுமையைக் கண்டு அஞ்சாத இந்த மனப்பான்மை ரவீந்திரருக்கு எங்கிருந்து வந்தது? பருவங்களிடமிருந்து வந்தது என்பது என் எண்ணம். அதற்குள்ளே ஒரு பெருந்துயரம் அடங்கியிருக்கிறது.

1901-இல் அவர் சாந்திநிகேதனத்தில் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1902-இல் மனைவியார் காலமானார். அடுத்த ஆண்டில் மகள் ரேணுகா மறைந்தாள். 1905-இல் தந்தை போனார். 1907-ஆம் ஆண்டு வசந்த பஞ்சமியன்று, கவியின் கடைசிப் பிள்ளை சமீந்திரன், தன்னோடு படித்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பள்ளியில் ஒரு பருவ விழா நடத்தினான். அவனுக்குப் பத்து வயது. சாந்திநிகேதனத்தின் புகழ்பெற்ற பருவ விழாக்களுக்கெல்லாம் அதுவே வித்து என்பார்கள். அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் அந்தச் சிறுவனை வாந்திபேதி கொண்டுபோய்விட்டது.

தந்தை என்ன செய்தார்? மறு ஆண்டில், 1908-இல், சரத்காலத்தைக் கொண்டாடும் 'சாரதோத்ஸவ்' என்ற நாடகத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதினார். மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, பள்ளிக்கு விடுமுறை விட்ட நாள். பிள்ளைகளெல்லாம் விளையாடப் போகிறார்கள். உபநந்தன் என்ற ஒரு பையன் மட்டும் உட்கார்ந்து ஏடு எழுதிக்கொண்டிருக்கிறான். இறந்துபோன தன் குருவின் கடனைத் தீர்க்க அவனுக்கு வேறு வழி இல்லை. அவ்வழியே வந்த சந்நியாசி அவனிடம் இரக்கம் பேசவில்லை; தாமும் பக்கத்தில் அமர்ந்து ஏடு எழுதத் தொடங்குகிறார். உலகத்திடமிருந்து பெற்ற கடனை அன்போடு திருப்பிக் கொடுப்பதாலேதான் சரத்காலம் இவ்வளவு அழகாயிருக்கிறது என்பது நாடகத்தின் கருத்து. அந்தச் சந்நியாசி வேஷத்தைப் பின்னால் ரவீந்திரரே தாங்கினார். பிள்ளையை இழந்த தகப்பன், பிள்ளைகளுக்கு நடுவில், ஒரு பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து எழுதும் அந்தக் காட்சியை நேயர்கள் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். மகன் தொடங்கிய விழாவை நிறுத்தாமல் நடத்தியதே அவர் தீர்த்த கடன் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு 'பால்குனி' வந்தது. ஆண்டுதோறும் உலகத்தின் இளமையைத் திருடிக்கொண்டு போகும் கிழவன் ஒருவன் குகையில் ஒளிந்திருக்கிறான். அவனைப் பிடித்தே தீருவது என்று இளைஞர்கள் கிளம்புகிறார்கள். கடைசியில் குகையிலிருந்து வெளிப்படுகிறவன் கிழவனே அல்லன். பின்னாலிருந்து பார்த்தால் பனிக்காலம். முகத்தைப் பார்த்தால் வசந்தம்! 1916-இல் பாங்குரா ஜில்லாவில் பஞ்சத்தில் வாடியவர்களுக்காகக் கல்கத்தாவில் இதை நடத்திப் பணம் திரட்டியபோது, குருட்டுப் பாட்டுக்காரனாக நடித்தவர் ஆசிரியரேதான்.

1927-இல் அவர் இயற்றிய இசைத் தொகுதிக்கு 'நடராஜ்' என்று பெயர். நடராஜனுடைய ஆட்டத்தில் ஒரு பருவம் மறைந்து மறு பருவம் தோன்றுகிறது என்பது அதன் மையக் கருத்து. இந்தப் பெயரைக் கேட்டதும் கூரத்துக்காரர்களின் மனம் குளிரும். பல்லவர் காலத்தது என்று அறிஞர்கள் கருதும் கூரத்து நடராஜர் திருமேனி சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடராஜ வடிவங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்று அது. இங்கே உலோகத்தில் வார்த்த கருத்து அங்கே பாட்டாய் ஒலித்தது. தெற்கிலிருந்து அவர் பெற்றது இது மட்டுமன்று. சாந்திநிகேதனத்தில் பயின்ற தமிழ் நாட்டுப் பெண் ஒருவர் பாடக் கேட்ட தீக்ஷிதரின் 'மீனாக்ஷி மே முதம்' என்னும் கீர்த்தனையின் இசையிலே, வசந்தத்தை வரவேற்கும் வங்காளிப் பாட்டு ஒன்றை அமைத்தார். அப்போது அவருக்கு ஏறக்குறைய எழுபது வயது. மாணவியிடமிருந்து புது ராகம் கற்றுக்கொள்ள அந்த வயதிலும் அவர் கூச்சப்படவில்லை.

"அவர் ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை. ஓய்வு இருந்தது, எழுதினார், ஆடினார். மூன்று தலைமுறையாகத் தறியில் குனிந்த நெசவாளிக்கு இதெல்லாம் நடக்குமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஐப்பசி கார்த்திகையில் காஞ்சிப் பக்கத்துத் தறிவீடுகளைப் பார்த்தவர்களுக்குப் பருவ மாறுதல் என்றால் கவிதை மட்டும் அல்ல என்பது தெரியும். தெருவில் பாவு விரிக்க முடியாது. சாயம் தோய்த்த பட்டு உலராது. குழித்தறியின் பள்ளத்தில் நீர் ஊறும். அடுப்பு எரிவதே பிரச்னையாகிவிடும்.

ஆனால் ரவீந்திரரின் முதுமையும் பணக்கவலை அற்றதன்று. விசுவபாரதிக்கு எப்போதும் பணமுடை. பிச்சைப் பாத்திரத்தை ஏந்துவதுபோல நாடகக் குழுவை அழைத்துக்கொண்டு அவர் ஊர் ஊராகப் போனார். 1934-இல் சென்னைக்கும் வந்தார். 1936-இல், எழுபத்தைந்தை நெருங்கிய வயதில், 'சித்திராங்கதா' நாட்டிய நாடகத்துடன் வடநாட்டில் சுற்றிக்கொண்டிருந்தபோது, டில்லியில் காந்தியடிகள் அவரைக் கண்டு மனம் வருந்தினார். இந்தத் தள்ளாத வயதில் இப்படி அலையலாகாது என்று சொல்லி, அன்பர் மூலமாக 60,000 ரூபாய்க்கு ஏற்பாடு செய்து கொடுத்தார். ஒரு கிழவர் ஆட, மற்றொரு கிழவர் அவருக்காக இரக்க, நம் தேசம் வளர்ந்தது!

அன்றியும், மேற்படி கேள்விக்குக் கூரமே ஒரு பதில் வைத்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்த கூரத்துச் செப்பேடு சரித்திரம் படித்தவர்கள் அறிந்ததே. ஊர் நிலத்தைப் பங்கு பிரித்த அந்த ஏட்டில், கோயில் பூசைக்கு இவ்வளவு, மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் கொடுக்க இவ்வளவு என்று சொல்லிவிட்டு, மண்டபத்தில் இருந்து பாரதம் வாசிப்பவருக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. நீரும் நெருப்பும் எப்படியோ, அப்படியே கதையும் ஊருக்கு வேண்டும் என்று அன்றைய பெரியோர் எண்ணினார்கள். கலைஞனுக்கு ஓய்வு பிறவியிலேயே வந்துவிடவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஊர் கூடி அளிக்கலாம். பங்குனி முதல் கோடை முழுவதும் இப்பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நடந்து, துரியோதனன் படுகளத்தோடும் தீமிதியோடும் முடிகிறதே, அதுவும் ஜனங்கள் வரி போட்டு நடத்துவதுதானே? அங்கே மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இளைஞர்களுக்கு அடி எடுத்துக் கொடுக்கும் நரைத்த வாத்தியாரை யாரும் 'சிவனே என்று இரு' என்று சொல்வதில்லை. சொன்னால் அன்றிரவு கூத்து நடக்காது.

என் தொழில் பள்ளிக்கூடத்தில். சித்திரத்துக்கும் நாடகத்துக்கும் வைத்த நேரத்தைப் பரீட்சை நெருங்கியதும் கணக்குக்குக் கொடுத்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பத்து வயதில் கையிலிருந்து பிடுங்கிய தூரிகையை அறுபது வயதில் எவன் தேடி எடுப்பான்? முதுமையில் மனிதன் வெறுமையாக உட்கார்ந்திருப்பதற்கு உரிய ஏற்பாட்டை நாம் இளமையிலேயே செய்துவிடுகிறோம். வீட்டிலும் அப்படியே. கோலத்தில் கைதேர்ந்த பாட்டி இருப்பாள். பேத்திக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு மாலைப்பொழுது கிடைக்காது. கோர்வை போட்டுப் பழகிய தாத்தாவின் கண் மங்கியிருக்கும், விரல் மறந்திராது. அந்த விரலுக்கு ஒரு பென்சிலையும் காகிதத்தையும் கொடுத்துப் பார்ப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

1937-இல் ரவீந்திரர் திடீரென்று நினைவிழந்து படுக்கையில் விழுந்தார். நினைவு திரும்பியதும் வர்ணமும் தூரிகையும் கேட்டு வாங்கி ஓர் இயற்கைக் காட்சியை எழுதினார் என்று அவருடைய சரித்திரத்தில் காண்கிறோம். அந்த ஆண்டில்தான் குழந்தைகளுக்காகத் தாமே படம் போட்ட வேடிக்கைப் பாட்டுப் புத்தகமும் கதைப் புத்தகமும் வெளிவந்தன. 1941 ஜூலை 30-ஆம் தேதி, சிகிச்சைக்குப் போகுமுன் கடைசிக் கவிதையைச் சொல்லி எழுதுவித்தார். எட்டு நாளில் உயிர் பிரிந்தது.

தமிழர் ஆண்டைக் கார், கூதிர் என்று மழையிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். ரவீந்திரரும் மழைக்காலத்திலேயே, வங்காளிக் கணக்கில் சிராவண மாதம் 22-ஆம் நாள், மறைந்தார். 1928-இல் அவர் சாந்திநிகேதனத்தில் மரம் நடும் விழா ஒன்றைத் தொடங்கி வைத்திருந்தார். அவருடைய மறைவுக்குப் பின் அந்த விழாவை அங்குள்ளவர்கள் சிராவணம் 22-ஆம் நாளுக்கே மாற்றிக்கொண்டார்கள். இன்றும் அன்றைய தினம் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு, இளங்கன்று ஒன்றைப் பல்லக்கில் வைத்துத் தூக்கி வந்து நடுகிறார்கள். அடுத்த மணிவிழாவுக்குப் போகும் நேயர்கள், வெள்ளித் தட்டுக்குப் பதிலாக ஒரு தாள் கட்டும் நல்ல வர்ணப் பெட்டி ஒன்றும் கொண்டுபோய்க் கொடுக்கலாம். பெரியவர் முதலில் வெட்கப்படுவார். கொஞ்ச நாள் பொறுத்திருந்து பாருங்கள்.